வெயில், வரி, விதி: சிவகாசி வட்டாரத்தில் கரிமம் குறைந்த ஆற்றலின் பரவலைக் கணித்தல்

சூரியத் தகடு, காற்றாலை, சிக்கனமான மோட்டார் போன்று ஒரே வேலையைக் குறைந்த கரியமில வாயுவோடு முடித்துத் தரும் கருவிகளைக் கரிமம் குறைந்த ஆற்றல் நுட்பங்கள் என்பர். அவை ஒரு சமூகத்தில் எந்த வேகத்தில், யார் கை வழியாக, எந்த அரசாணையின் பின்னே பரவும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி கடந்த அரை நூற்றாண்டில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. இத்துறையின் கணித மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சோள வயல்களையும் கலிபோர்னியாவின் வீட்டுக் கூரைகளையும் ஐரோப்பிய மின் சந்தைகளையும் அளந்து உருவானவை. அவற்றை விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராசபாளையம் என்று நீளும் கரிசல் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மழை குறைந்து வெயில் நிறைந்த இந்நிலம், தீப்பெட்டி, காற்றாலை, பசுமைப் பட்டாசு என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று நுட்பங்களை நூறாண்டுக்குள் வெவ்வேறு வேகத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று வேகங்களையும் ஒருசேர விளக்கக்கூடிய மாதிரி எதுவும் இதுவரை எழுதப்படவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

துறையின் தொடக்கம் ஆற்றலைப் பற்றியதே அன்று. 1957இல் ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளியலாளர், கலப்பினச் சோள விதை அமெரிக்க மாநிலங்களில் பரவிய விதத்தை ஆராய்ந்து, முதலில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் முடிவில் மீண்டும் மெதுவாகவும் செல்லும் எஸ் வடிவ வளைகோட்டைக் கண்டார்; விதையில் கிடைத்த இலாபத்தின் அளவே ஊருக்கு ஊர் வேகத்தை மாற்றியது என்பது அவர் முடிவு. 1962இல் எவரெட் ரோஜர்ஸ் அதே வளைகோட்டுக்கு முன்னோடிகள், முந்திக்கொள்வோர், பின்தங்குவோர் என்று சமூகவியல் பெயர்கள் சூட்டினார். 1969இல் ஃபிராங்க் பாஸ் அதைச் சமன்பாடாக்கினார். பாஸின் கருத்துப்படி ஒருவர் புதுப்பொருளை வாங்குவதற்குத் தூண்டுதல் இரண்டு: விளம்பரம், அரசு அறிவிப்பு போன்று வெளியிலிருந்து வருவது ஒன்று, ஏற்கெனவே வாங்கியவரைப் பார்த்து வருவது மற்றொன்று. பின்னர் பல பொருள்களில் அளந்து பார்த்தவர்கள் முதல் தூண்டுதலுக்கு 0.03 என்றும் இரண்டாவதற்கு 0.38 என்றும் சராசரி மதிப்புகளைத் தந்தனர். சூரியத் தகடு பதிக்க ஏற்ற 1000 கூரைகள் கொண்ட ஒரு நகர்ப்பகுதியை இந்த எண்களோடு கற்பனை செய்தால் முதலாண்டில் 30 பேரும் இரண்டாம் ஆண்டில் 40 பேரும் மூன்றாம் ஆண்டில் 53 பேரும் புதிதாகச் சேர்வர். எட்டாம் ஆண்டையொட்டி வேகம் உச்சத்தை எட்டி அதன்பின் இறங்கும். கணக்கு எளிது, கோடும் அழகாக வரும். அந்த 1000 என்ற எண்ணை யார், எப்படித் தீர்மானித்தார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பார்த்துப் பழகும் தூண்டுதலுக்குச் சிவகாசியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுவந்து, மறு ஆண்டு ஊரில் தொழிலைத் தொடங்கினர். உறவினர், அண்டை வீட்டார், பழைய வேலையாள் என்ற வரிசையில் அத்தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் படர்ந்தது. வியாபாரச் சரக்கின் மீது மகமை என்ற சிறு தொகையைத் தாமே விதித்துக்கொண்டு அதில் பள்ளிகளை நடத்திய உறவின்முறை அமைப்பு இவ்வட்டாரத்தில் முன்பே வேரூன்றியிருந்ததால், கடனும் நம்பிக்கையும் தொழில் இரகசியமும் ஒரே வாய்க்காலில் ஓடின. இதுவரை பாஸின் சமன்பாடு பொருந்துகிறது. ஆனால் ஜெர்மானிய இயந்திரங்களோடு தொடங்கிய தொழில் சில ஆண்டுகளிலேயே கைவேலைக்குத் திரும்பியது என்பதை எந்தப் பரவல் வளைகோடும் எதிர்பார்க்காது. இயந்திரத்தைவிடக் கூலி மலிவு என்பது அதற்கு முதல் காரணம். அந்நிலை பல பத்தாண்டுகள் நீடித்ததற்குக் காரணம் வரி. 1934இல் தீப்பெட்டி மீது கலால் வரி வந்தது; அதன்பின் வெவ்வேறு காலங்களில் உற்பத்தி அளவையும் செய்முறையையும் கொண்டு ஆலைகளைத் தரம் பிரித்து, சிறிய கைத்தொழில் கூடங்களுக்குக் குறைந்த வரியும் சுவீடன் முதலீட்டில் வந்த விம்கோ போன்ற பெரிய இயந்திர ஆலைக்குக் கூடிய வரியும் விதிக்கப்பட்டன. அந்த வேறுபாடு நிலைத்திருந்தவரை கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைகளில் தொடர்ந்தன. சரக்கு மற்றும் சேவை வரியிலும் தொடக்கத்தில் கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 18 விழுக்காடு என்ற பிரிவு இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்று ஒன்றாக்கப்பட்டபோது கைவேலைக்கு எஞ்சியிருந்த வேலியும் அகன்றது. கரிமம் குறைந்த நுட்பங்களை ஆராய்வோருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது: இரண்டு நுட்பங்களுக்கிடையே அரசு வைக்கும் வரி வேறுபாடு நீண்டகாலம் மாறாமல் இருக்கும் என்று தொழில் நம்பினால், மலிவான மாற்று கண்முன்னே இருந்தாலும் பரவல் ஒரு தலைமுறை தாமதப்படும்.

இரண்டாம் மரபு செலவைக் கொண்டு கணிக்கிறது. 1936இல் டி. பி. ரைட் விமான உற்பத்தியை ஆராய்ந்து, மொத்த உற்பத்தி இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் செலவு குறிப்பிட்ட விகிதத்தில் இறங்குவதைக் காட்டினார். கற்றல் வளைகோடு என்று அழைக்கப்படும் இது சூரியத் தகட்டில் ஏறத்தாழ 20 விழுக்காடாக வெளிப்பட்டது. இந்தியாவில் இதன் வேகத்தை ஏல விலைகளே காட்டும்: தேசிய சூரிய இயக்கம் தொடங்கிய 2010இல் யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 பைசா என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அளவுகோல் வைத்தது, அதே ஆண்டு ஏலத்தில் 10.95, மறு ஆண்டு 7.49, 2017 மே மாதம் இராசஸ்தானின் பட்லாவில் 2.44 என்று விலை சரிந்தது. இந்தச் சரிவின் நடுவே அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டக் கமுதியில், ஏறத்தாழ 2500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்து 2016 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது. அந்நிலையத்துக்குரிய கட்டணம் 7 ரூபாய் 1 பைசா. அந்தக் கட்டணம் குறிப்பிட்ட நாளுக்குள் மின்சாரம் வழங்கத் தொடங்குவோருக்கு மட்டுமே என்று மாநில ஆணையம் கெடு வைத்திருந்ததே, சீமைக் கருவேலம் மண்டிக் கரிமூட்டம் போடுவதற்கே பயன்பட்டுவந்த காட்டில் சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கான தகடுகளை நட வைத்தது. ஓராண்டு பொறுத்திருந்தால் பாதிக்கும் குறைவான விலையில் முடிந்திருக்கும் என்று பின்னர் சொல்வது எளிது. கெடுவை முன்னிட்டு நடக்கும் இத்தகைய பாய்ச்சலைக் கற்றல் வளைகோடு தன்னளவில் விளக்காது.

செலவை மையமாகக் கொண்ட பெரிய மாதிரிகளில் மார்க்கல், அதன் வழிவந்த டைம்ஸ் ஆகியவை உலகெங்கும் புழங்குகின்றன. இந்தியாவில் டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனம் மார்க்கலைக் கையாண்டது. நிதி ஆயோக்கின் 2047 ஆற்றல் காட்சிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பயனரே தெரிவுகளை மாற்றி விளைவைக் காணலாம். மார்க்கல் வகை மாதிரி, நாட்டின் மின் தேவை, எரிபொருள் விலை, கரிம வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால், மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் நுட்பக் கலவையைத் தேர்ந்தெடுத்துத் தரும். நாடு முழுவதற்கும் ஒரே ஒரு முதலாளி இருந்து, அவருக்கு எதிர்காலம் முழுவதும் தெரிந்திருந்தால் எடுக்கக்கூடிய முடிவு அது. ஒரு பைசா மலிவானால் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடுவர் என்று அது காட்டும் என்பதால், ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் வளரக்கூடாது என்று கையால் கடிவாளம் போடுவது வழக்கம். அந்தக் கடிவாளம் பல முறை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது: பன்னாட்டு ஆற்றல் முகமை ஆண்டுதோறும் வெளியிட்ட கணிப்புகளில் சூரிய மின்சாரத்தின் வளர்ச்சி நெடுங்காலம் உண்மையைவிட மிகக் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. கடிவாளமே தேவையில்லை என்று வாதிடுவோரும் உள்ளனர். அதற்கு மறுப்பாகக் காற்றாலையின் கதை நிற்கிறது.

1986இல் தூத்துக்குடியை ஒட்டி அரசு நிறுவிய செயல்விளக்கக் காற்றாலைகளுக்குப் பின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பகுதிகளில் தனியார் முதலீடு குவிந்தது. முதலீட்டாளர்களில் பலர் மின் வணிகர்கள் அல்லர். இராசபாளையம் போன்ற ஊர்களின் நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளுமே அவர்கள். மின்வெட்டும் மின் கட்டணமும் அவர்களை அந்தப் பக்கம் தள்ளின என்றாலும், இழுத்தது வருமான வரிச் சட்டம். துரிதத் தேய்மானம் என்ற சலுகையின்படி காற்றாலையின் விலையில் 80 விழுக்காட்டை முதல் ஆண்டிலேயே செலவாகக் காட்ட முடிந்தது (1990களில் முழு விலையையுமே). இலாபத்தில் 30 விழுக்காடு வரி கட்டும் ஆலை ஒன்று 100 ரூபாய்க்குக் காற்றாலை வாங்கினால் 24 ரூபாய் வரி அதே ஆண்டில் மிச்சமாயிற்று. ஆக, காற்று நன்றாக வீசுமா என்ற கேள்வியைவிட இவ்வாண்டு இலாபம் வந்ததா என்ற கேள்விக்கே எடை கூடியது; மார்ச் மாத இறுதிக்குள் இறக்கையைச் சுழல விட்டுவிட வேண்டும் என்ற பரபரப்பும் அதனால்தான். ஆடிக் காற்றில் விளைந்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துக் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ ஏற்பாடு அதற்குத் துணை நின்றது.

2012 ஏப்ரலில் அந்தத் தேய்மானச் சலுகை நிறுத்தப்பட்டதும் 2011-12இல் 3000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த இந்தியாவின் புதிய காற்றாலைத் திறன் மறு ஆண்டில் 1700 மெகாவாட் அளவுக்கு விழுந்தது. 2014இல் சலுகை திரும்பியது, எண்களும் ஏறின. 2016-17இல் ஏறத்தாழ 5500 மெகாவாட் என்ற உச்சத்தை எட்டியபின், தேய்மானம் 40 விழுக்காடாகக் குறைந்ததும் விலை நிர்ணயம் ஏலத்துக்கு மாறியதும் ஒன்றுசேர, மீண்டும் பள்ளம். தமிழ்நாட்டில் 2018க்குப் பின் வந்த காற்றாலைகளுக்குப் பேங்கிங் வசதியும் சுருக்கப்பட்டது. எஸ் வளைகோட்டில் இத்தகைய பற்கள் இருக்கக் கூடாது. பரவலை ஆராய்வோர் பொதுவாக இவற்றை இரைச்சல் என்று கருதிச் சமன் செய்துவிடுகின்றனர். அது தவறான பழக்கம். ஒரு காற்றாலை போட்ட முதலைத் திருப்பித் தர ஆறேழு ஆண்டுகள் எடுத்து, அதை இலாபமாக்கும் விதி இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறுமானால், முதலீட்டாளர் காற்றின் வேகத்தோடு விதியின் ஆயுளையும் சேர்த்தே கணக்கிடுகிறார். அந்த ஆயுள் ஒரு மாறியாக எழுதப்பட்டிருக்கும் மாதிரிகள் மிகச் சில.

கரிம விலையை வைத்து எழுதப்படும் மாதிரிகளைப் பற்றி இவ்வட்டாரத்தில் சொல்ல அதிகமில்லை. வில்லியம் நார்தாஸ் 1990களில் உருவாக்கிய டைஸ் மாதிரி, வெளியேறும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் உரிய விலை விதித்தால் நுட்ப மாற்றம் தானே நிகழும் என்ற கருத்தை மையமாக்கியது. இந்தியாவில் நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016க்குள் 400 ரூபாயாக உயர்ந்த மேல்வரி மின்வாரியத்தின் கணக்கில் கரைந்துபோனதால், சாத்தூரில் மீட்டர் பார்ப்பவருக்கு அது தெரியவே இல்லை.

பசுமைப் பட்டாசு மூன்றாம் வகை மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு. அதில் விலையும் வரியும் பின்னுக்குப் போகின்றன, தீர்ப்பு முன்னே நிற்கிறது. இதன் நோக்கம் கரியமிலத்தைவிட நுண்துகளையும் கந்தக வாயுவையும் குறைப்பதுதான் என்றாலும், காலநிலைக் கொள்கைகள் இனி அடிக்கடி கையாளப்போகும் கட்டாய மாற்றம் என்ற வழி எப்படிச் செயல்படுகிறது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் நிகழ்வு தமிழ்நாட்டில் இல்லை. இந்தியப் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிவகாசி வட்டாரத்திலிருந்து செல்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பட்டாசு மட்டுமே செய்யலாம், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணிவரை மட்டுமே வெடிக்கலாம் என்றது. அப்போது அத்தகைய பட்டாசு சந்தையில் இல்லை. நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி, ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற மூன்று கலவை வகைகளை உருவாக்கி, துகள் உமிழ்வு 30 விழுக்காடேனும் குறையும் என்று கூறி, இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆலைகளுக்கு வழங்கியது. சிவகாசியிலேயே மூலப்பொருள் சோதனைக் கூடமும் வந்தது. 2018 இறுதியில் எதிர்ப்பாக ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும் சேர்த்தே இந்த மாற்றத்தின் செலவைக் கணக்கிட வேண்டும்.

பேரியம் நைட்ரேட்டுக்குச் சிவகாசியில் பச்சை உப்பு என்று பெயர். பச்சை உப்பை விலக்கியதே பசுமைப் பட்டாசு என்ற சொல் முரணை ஊர் சிரிப்போடு ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த உப்பு பச்சை நிறத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கம்பி மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் சக்கரத்திலும் எரிதலைத் தாங்கும் உயிரியமூட்டியாகவும் அது இருந்தது. ஈரத்தை எளிதில் இழுக்காது என்பதால் சரக்கு மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தாலும் கெடாது. ஆகவே அதை எடுத்துவிட்டால் மருந்துக் கலவையின் விகிதம், காயவைக்கும் நேரம், திரியின் எரிவேகம் எல்லாவற்றையும் திரும்பப் பழக வேண்டும். இந்தப் பழக்கச் செலவை ஆய்வகம் உள்ள பெரிய ஆலை ஒரு விதமாகவும், மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் உரிமத்தில் சில அறைகளோடு இயங்கும் சிறிய ஆலை வேறு விதமாகவும் எதிர்கொள்ளும். பெட்டியில் ஒட்டப்படும் பசுமை முத்திரையையும் கியூ.ஆர். குறியீட்டையும் எண்ணினால் ஏற்பு ஓரிரு தீபாவளிக்குள் முடிந்துவிட்டது போலத் தோன்றும். மருந்தை எண்ணினால் அப்படித் தோன்றாது. 2021 அக்டோபரில் நீதிமன்றம் பேரியத் தடையை மீண்டும் வலியுறுத்த வேண்டிவந்ததும், 2023 செப்டம்பரில் மேம்பட்ட கலவையில் பேரியத்தை அனுமதிக்குமாறு வந்த வேண்டுகோளை அது மறுத்ததும் இந்த இடைவெளியைச் சுட்டுகின்றன. தடையை ஒரு தேதியில் நிறைவேறும் கட்டுப்பாடாக எழுதும் மாதிரிகள் முத்திரையைத்தான் கணிக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

வீட்டுக் கூரைக்குத் திரும்பினால், தடையும் இல்லை, பெரிய வரிச்சலுகையும் இல்லை. குடும்பத்தின் மாதக் கணக்கே அங்கே ஆட்சி செய்கிறது. 1979இல் ஜெரி ஹவுஸ்மன், அறைக் குளிரூட்டி (ஏ.சி.) வாங்குவோர் நாளைய மின் சேமிப்பை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வீதம் குறைத்து மதிக்கிறார்கள் என்றும், வருமானம் குறையக் குறைய அந்த வீதம் கூடுகிறது என்றும் காட்டினார். நாளைக்கு வரும் ரூபாயை இன்று எவ்வளவுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதே இந்தக் கழிவு வீதம். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தனிச் சட்டம் தேவைப்பட்ட மாநிலத்தில், தீபாவளி கழிந்ததும் முன்பணம் வாங்கி அடுத்த பருவம் முழுவதும் கழிக்கும் பட்டாசுத் தொழிலாளியின் கழிவு வீதம் வங்கி வட்டியை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்வது கணக்கை வசதியாக்கும், உண்மையாக்காது.

2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அத்தகடு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட், இரு மாதத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல் விளைவிக்கும். தமிழ்நாட்டிலோ இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்குக் கட்டணம் 300 ரூபாயைக்கூடத் தொடாது. அந்த வீட்டுக்குத் தகடு எதைச் சேமித்துத் தரும் என்பதற்கு விடை எளிது. குளிர்சாதனப் பெட்டியும் மோட்டாரும் ஓடி, 700 யூனிட்டுக்கு மேல் ஏறும் வீட்டுக்கு அதே தகடு நல்ல வியாபாரம். மேலும் லைன் வீடுகளின் கல்நார்க் கூரை தகட்டைத் தாங்காது, வாடகைக்கு இருப்பவர் பிறர் வீட்டில் முதலிட மாட்டார். முன்பு கற்பனை செய்த 1000 கூரைகளில் இவை எல்லாம் கழிந்தபின் எஞ்சுவது எத்தனை என்பதை வீடுவீடாகப் போய்த்தான் எண்ண முடியும்.

இதோடு விதியும் அசைந்தது. 2013இல் வந்த நிகர அளவீட்டின்படி கூரையில் விளைந்த யூனிட்டும் கம்பத்திலிருந்து எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிந்தன. 2019இல் அது நிகர ஊட்டலாகி, உபரியாகக் கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை என்றாயிற்று. 2021இல் வீடுகளுக்கு நிகர அளவீடு திரும்பியது. தொழில்களுக்கு யூனிட் தோறும் வலையமைப்புக் கட்டணம் வந்தது. 2023இல் சிறுதொழில்களுக்கு அது பாதியாகக் குறைக்கப்பட்டது. பகலெல்லாம் ஆஃப்செட் இயந்திரம் ஓடும் சிவகாசி அச்சகத்தின் கூரை சூரியத் தகட்டுக்கென்றே கட்டியது போன்றது. நாட்காட்டிப் பருவத்தில் அதன் மின்தேவை வெயிலோடு ஒத்துப்போகும். ஆனால் பத்து ஆண்டுகளில் நான்கு முறை மாறிய கணக்கை நம்பி இருபத்தைந்து ஆண்டுச் சொத்தை வாங்கத் தயங்கும் உரிமையாளரை, விழிப்புணர்வு குறைந்தவர் என்று எந்த மாதிரியாவது வகைப்படுத்துமானால், பழுது மாதிரியில் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு கரிமக் குறைப்புத் திட்டத்துக்கென எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கோயம்புத்தூர், நீலகிரி, இராமநாதபுரத்தோடு விருதுநகரும் ஒன்று. மாவட்ட அளவில் கணக்கெடுக்கும்போது இரண்டு பொருள்கள் சட்டகத்துக்குள் அடங்க மறுக்கின்றன. முதலாவது சிமெண்ட்: ஆர். ஆர். நகர் ஆலை போன்ற இடங்களில் வெளியேறும் கரியமிலத்தில் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வருவதன்று, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே விடுவது. காற்றாலை எத்தனை நட்டாலும் அது குறையாது, சாம்பலைக் கலந்து, அவ்வாறு சுட்டெடுத்த கிளிங்கரின் பங்கைக் குறைத்தால் ஓரளவு குறையும். இரண்டாவது பட்டாசு. மருந்து கையாளும் அறைகளில் மின் இணைப்புக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால் வேலை பகல் வெளிச்சத்தில்தான் நடக்கிறது. ஆலையின் மின் கட்டணம் அதன் விற்பனையோடு ஒப்பிட ஒன்றுமில்லை. மத்தாப்பை ஒளிரவைக்கும் அலுமினியத் தூளிலோ, உருக்கிய ஆலையில் டன்னுக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் புதைந்திருக்கிறது. அது வேறொரு மாநிலத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

உருட்டிய குழல்களும் மருந்திட்ட சரக்கும் உலர்வது திறந்த மேடைகளில். வெயில் உச்சிக்கு வருமுன் பரப்பி, மேகம் கறுத்தால் அள்ளி உள்ளே கொண்டுபோகும் அந்த மேடைகள் நாள்தோறும் வாங்கும் வெப்பம் எந்த மீட்டர் வழியாகவும் செல்வதில்லை என்பதால் ஆற்றல் புள்ளிவிவரத்தில் அதற்கு இடமில்லை. மாதிரிகளின் தொடக்க ஆண்டுக் கணக்கில் சிவகாசியின் சூரிய ஆற்றல் சுழியம் என்றே பதிவாகிறது. ஐப்பசி மழையில் வேலை நிற்காதிருக்க நாளை ஓர் ஆலை பாதுகாப்பான மின் உலர்த்தியை வாங்கி, அதைக் கூரைத் தகட்டோடு இணைக்குமானால், வெயில் இதுவரை செய்துவந்த அதே வேலை அன்றுதான் முதன்முறையாக அட்டவணையில் ஏறும், புதிய நுட்பத்தின் ஏற்பு என்ற தலைப்பில்.